அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு நிலாக்கல்

போன மாதம் மகன் என்னைக் காரில் ஏற்றி, மூன்று மணித்தியாலம் ஓடி, ஒரு விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். ரொக்கெற்றுகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். கடைசி அறையில் ஒரு நிலாக்கல்லைத் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். எத்தனையோ பேர் தடவித் தடவி அது சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. விரலை வைத்ததும் எனக்குச் சுருட்டு மணந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே மணந்தது.

மாமாவின் சுருட்டு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் தீவுக் கிராமமான கரம்பொன்னில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. சந்திரனில் ஆள் இறங்கியதாக ரேடியோ சொன்ன அன்று, "உது சுத்தப் புளுகு" என்றார்.

"உமக்கு மூளை எங்கை கிடக்கு?" என்று அப்பா கேட்டார். அப்பா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வீட்டிலும் படிப்பிப்பார், அதுதான் கரைச்சல். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

இதற்கிடையில் அக்காவுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. தாய்மாமன் இல்லாமல் என்ன கலியாணம்? அம்மா அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். இரண்டு எருமைகளும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு நிலாக்கல் காட்சிக்கு வந்தது. கல்லைப் பார்க்க இரண்டு பேருக்கும் ஆசை; அம்மா ஒரு வாடகைக் கார் பிடித்தாள். இருவரையும் பின் இருக்கையில் தள்ளி, நடுவில் என்னைச் செருகிவிட்டு, தான் முன்னால் ஏறிக்கொண்டாள். எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு பேருக்கும் நான்தான் தபால்.

மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் இரு பக்கமும் கடல். காற்று அள்ளி அடித்தது.

"பிள்ளை, கண்ணாடியை ஏத்தச் சொல்லு. காதுக்கை காத்துப் போகுது" என்றார் மாமா.

"ஏலாதெண்டு சொல்லு. சுருட்டு மணம் வயித்தைப் பிரட்டுது" என்றார் அப்பா.

"ரெண்டு பேருக்கும் காது செவிடே?" என்றேன் நான். முன்னால் அம்மாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

வெயிலில் இரண்டு மணித்தியாலம் வரிசை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள், கச்சான் கடலைப் பருப்பு அளவில், கறுப்பாக ஒன்று. அவ்வளவுதான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு வளவில் காலில் குத்துகிற கல்லே இதைவிடப் பெரிது. மாமா குனிந்து பார்த்தார். "நடவுங்கோ, நடவுங்கோ" என்று காவலாளி துரத்தினான். மாமா நிமிர்ந்து, என்னைத் தாண்டி, நேரே அப்பாவைப் பார்த்தார்.

"அத்தான், இந்தக் கச்சான் கொட்டைக்கோ ஒரு வருசம் கதையாமல் இருந்தனாங்கள்?"

"ஒரு வருசமில்லை, பதினொரு மாசம்" என்றார் அப்பா.

அதைச் சொல்லிவிட்டு அவரே வெடித்துச் சிரித்தார். நாலு பேரும் வழியை மறித்துக்கொண்டு நின்று சிரித்தோம். பின்னால் நின்ற சனம் ஏசியது, ஏசட்டும்.

திரும்பும்போது என் தபால் வேலை போய்விட்டது. என் தலைக்கு மேலாலேயே கத்தினார்கள்.

"கல்லை நம்புறன் அத்தான். அதை மேலை போய் எடுத்ததெண்டதை நம்பன்!"

"இனி உம்மோடை கதைச்சால் என்ரை பேரை மாத்துறன்!"

"கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாக் கோவியுங்கோ" என்றாள் அம்மா. டிரைவர் சிரித்த சிரிப்பில் கார் கடலுக்குள் இறங்காதது எங்கள் அதிர்ஷ்டம். கலியாணத்தில் மாமாதான் முன்னுக்கு நின்றார்.

போன மாதம் அருங்காட்சியகத்திலிருந்து திரும்பி வரும்போது மகன் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். எங்கே திரும்ப வேண்டும் என்று ஒரு மெஷின் சொல்லிக்கொண்டு வந்தது. அப்பா இல்லை, மாமா இல்லை, கரம்பொன் வீட்டுக்குக் கூரையும் இல்லை.

"அப்பா, நான் தொட்டுப் பார்த்தனான்" என்று சத்தமாகச் சொன்னேன். மகன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பின் இருக்கையிலிருந்து ஒருவரும் "புளுகு" என்று சொல்லவில்லை.