கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க

விசிலக்காவுக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை. பின்படிக்கட்டில் நின்று "போலாம் ரைட்" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், டிரைவருக்குக் கேட்பது இருக்கட்டும், அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்களே பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள் என்று டிப்போவில் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக பஸ் கண்டக்டர். அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம்.

அவளுக்கு எப்போதும் முதல் ஷிப்ட்தான். விடிவதற்கு முன் டிப்போவுக்குள் போனால் மதியம் ஒன்றரைக்கு வெளியே வருவாள். அப்போது அவளுக்கு வேண்டியது சத்தமில்லாத ஓர் இடம். வீட்டில் அது கிடைக்காது. வீட்டுக்காரர் ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் செய்பவர். கடை என்று தனியாகக் கிடையாது, மூன்றாம் மாடி வீட்டின் முன்னறைதான் கடை. எந்நேரமும் ஒரு மிக்ஸி காலி ஜாரோடு அலறிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சத்தமாக மகள் போனில் பேசிக்கொண்டிருப்பாள். அதனால் விசிலக்கா டிப்போவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளை நூலகத்துக்குப் போவாள். இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

அந்தப் பழக்கம் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. பஸ்ஸில் விட்டுப்போன பொருள்களை டிப்போவில் ஒப்படைக்க வேண்டும். குடை, சாப்பாட்டு டப்பா, ஒருமுறை ஒரு பல்செட் கூடக் கிடைத்திருக்கிறது. அன்று கடைசி சீட்டில் கிடந்தது ஒரு புத்தகம். "புத்தகமா? இதையெல்லாம் யாரு தேடிட்டு வரப்போறாங்க" என்று டிப்போ கிளார்க் அதைக் குடைகளுக்கு நடுவே வீசினார். அதில் நூலக முத்திரை இருப்பதைப் பார்த்துவிட்டு, தானே கொடுத்துவிடுவதாக அவள் எடுத்துக்கொண்டாள். நடந்துகொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினாள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பவனின் மனைவி, வரவேண்டிய கப்பலுக்காகக் காத்திருக்கிறாள். விசிலக்கா தெருமுனை மரத்தடியிலேயே நின்று இருபது பக்கம் படித்துவிட்டாள்.

நூலகர் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட சாந்தமான மனிதர். "ரொம்ப நன்றிம்மா, ஆறு மாசமா இதத்தான் தேடிட்டு இருந்தேன்" என்று கையை நீட்டினார். அவள் புத்தகத்தை விடவில்லை.

"இருங்க சார். கப்பல் வந்துச்சா இல்லையான்னு தெரியாம எப்படிக் குடுக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் உறுப்பினர் அட்டையை எடுத்து அவளுக்கு எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் என்னென்னவோ படித்தாள். நாவல்கள், கடல் பயணங்கள், தூக்கத்தைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம். பாலங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று ஒன்றைப் படித்துவிட்டு, வழியில் இருக்கும் பழைய பாலம் ஏன் ஆடுகிறது என்று டிரைவருக்கு விளக்கப் போக, "அக்கா, தினம் ஆறு தடவ இது மேலதான் போகணும். தயவுசெஞ்சு வேண்டாம்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒருமுறை யாரோ ஒரு பயணி அவள்மேல் புகார் கொடுத்தார். வழக்கமாக விளக்கக் கடிதத்தைச் சங்கத்துக்காரர் எழுதித் தருவார். யாருக்கு எழுதினாலும் அதே நாலு வரிதான். இந்த முறை அவளே உட்கார்ந்து, எந்த நிறுத்தத்தில் என்ன நடந்தது, யார் முதலில் என்ன சொன்னார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"இத எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"நீயேவா?" என்றவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புகாரை மூடினார். தன் பக்கத்து நியாயத்தைத் தானே, கத்தாமல் சொல்ல முடிந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நூலக வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வாசகர் வருகை குறைவாக இருப்பதால் இக்கிளை இரண்டு மாதத்தில் மூடப்பட்டு, தலைமை நூலகத்தோடு இணைக்கப்படும். தலைமை நூலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே போய்த் திரும்பும் நேரம் எவ்வளவு என்று அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அவள் நேராக நூலகரிடம் போனாள்.

"வருகை குறைவா? எத்தன பேர் வந்தாப் போதுமாம்?"

"ஒரு நாளைக்கு நாப்பது பேர்ம்மா."

அவள் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணினாள். பஸ்ஸில் எண்ணிப் பழகிய கண்ணுக்கு இரண்டு நொடி போதும். "இப்பவே பதினாறு பேர் இருக்காங்களே சார்!"

"தலை இருக்கு. கையெழுத்து இல்லையே" என்று அவர் வாசலைக் காட்டினார்.

கதவுக்குப் பின்னால், நூலில் கட்டிய பேனாவோடு, வருகைப் பதிவேடு ஒன்று இருந்தது. எட்டு வருடமாக அவள் தினமும் அதைக் கடந்துதான் போயிருக்கிறாள். புரட்டிப் பார்த்தாள். ஒரு நாளில் ஏழு பேர், ஒரு நாளில் ஒன்பது பேர், போன திங்கட்கிழமை யாருமே இல்லை. கீறிப் பார்த்தால் பேனா எழுதவும் இல்லை, போட்டவர்கள் சொந்தப் பேனாவில் போட்டிருக்கிறார்கள்.

"இதுல ரீஃபிலே இல்ல சார்!"

"அது போன வருஷமே தீந்து போச்சும்மா."

"அப்புறம் ஏன் வேற போடல?"

"படிக்க வர்றவங்கள வாசல்லயே நிறுத்தி அதப் போடு இதப் போடுன்னு தொந்தரவு பண்றது எனக்குப் பிடிக்காதும்மா" என்றார் அவர், ஏதோ நல்ல காரியம் செய்தவர் போல.

விசிலக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. அவளும் எட்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு, சொந்தச் செலவில் நாலு பேனா வாங்கிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். நாற்பது கையெழுத்து என்ன பிரமாதம், ஒரு டிரிப்பில் எண்பது பேருக்கு டிக்கெட் போடுகிறவள் என்றுதான் நினைத்தாள். டிக்கெட் இல்லாமல் போகிறவனைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்தது.

தினமும் நாளிதழ் படிக்க வரும் பெரியவர், "கண்ட இடத்துல கையெழுத்துப் போட்டு வீட்டையே எழுதிக் குடுத்தவங்கள எனக்குத் தெரியும்" என்றார். இங்கே வீட்டை எழுதி வாங்க யாருமில்லை, நூலகரால் ஒரு ரீஃபில் வாங்கவே முடியவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. கடைசியில் தலையெழுத்தே மாறிவிடுமோ என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு சுழி போட்டார். வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள், "நாங்க எங்க புத்தகத்தத்தானே படிக்கிறோம், எங்களையும் எண்ணுவாங்களா?" என்று கேட்டார்கள்.

"மின்விசிறி யாருது? மேஜை யாருது? போடுங்கம்மா" என்றாள் விசிலக்கா.

இன்னொருத்தர் இருந்தார். கடைசி மேஜையில் புத்தகத்தைத் திறந்து வைத்து, பத்து நிமிடத்தில் அதன்மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிடும், எங்கோ ராத்திரி வேலை பார்க்கும் வாட்ச்மேன். அவரைத் தட்டி எழுப்பிக் கையெழுத்து வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இத்தனைக்கும், மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உச்சுக்கொட்டாத ஆளில்லை. "அடடா, இந்த நூலகம் இல்லேன்னா எங்க போவோம்" என்று எல்லாரும் மாய்ந்து மாய்ந்து பேசுவார்கள். பேனாவை நீட்டினால் மட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல ஓடுவார்கள்.

நாலாம் நாள் அவள் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று பஸ்ஸில் கொடுப்பது போலவே குரல் கொடுத்தாள். "யாரு இன்னும் கையெழுத்துப் போடல? எல்லாரும் போட்டுட்டுப் போங்க! போடாதவங்க யாரும் நகரக் கூடாது!"

வாட்ச்மேன் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். நூலகர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா, மெதுவா… இது நூலகம்."

"மூடிட்டா இன்னும் அமைதியாத்தான் இருக்கும் சார், பரவாயில்லையா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார். அன்று மதியம் மட்டும் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். காலை, மாலை வேளைகளைத் தேர்வுக்குப் படிக்கும் பெண்களில் ஒருத்தி பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு, ஒரு நாள் கணக்கு அறுபதைத் தொட்டது. ஒரு சனிக்கிழமை தொண்ணூற்று மூன்று. வீட்டில் வீட்டுக்காரர், "ரெண்டு மணிநேரம் படிக்கத்தானே போற, இப்ப படிக்கிறதே இல்ல, அவங்களுக்குக் காவல் காக்கற. உனக்கென்ன தலையெழுத்து?" என்று ஸ்குரூ டிரைவரை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் சொன்னதும் சரிதான். அந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு புத்தகத்தைக்கூட முடிக்கவில்லை.

கடைசி வாரத்தில் அதிகாரி ஒருவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"ரெண்டு வருஷமா தினம் எட்டு பேர். ரெண்டு மாசத்துல அறுபது பேரா? யார் உக்காந்து எழுதினது இதெல்லாம்?"

விசிலக்காவுக்குக் கண் சிவந்தது. கத்தியிருப்பாள். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கக் கடிதம் நினைவுக்கு வந்தது. மூச்சை இழுத்துவிட்டு, "சார், ஆளுங்க உள்ளதான் இருக்காங்க. நீங்களே கேட்டுடுங்க" என்றாள்.

அதிகாரி நேராகப் போனது வாட்ச்மேனிடம். இத்தனை பேர் இருக்க அந்த ஆள்தானா கிடைத்தார் என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

"நீங்க இங்க தூங்கத்தானே வர்றீங்க?"

"ஆமா சார்" என்றார் வாட்ச்மேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு. அவர் தொடர்ந்தார்: "வேலை முடிஞ்சு வந்தா ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ரெண்டு பக்கம்தான் சார் முடியுது. மூணு வருஷத்துல நாலாவது புத்தகம் இது. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி." பிறகு அந்தப் புத்தகத்தில் வரும் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் தம்பி ஏன் பேசிக்கொள்ளவில்லை, அதில் தப்பு யார்மேல் என்று. அதிகாரி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "தப்பு அண்ணன்மேலயா?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். அதற்குள் நாளிதழ் பெரியவரும் நடுவில் புகுந்து, தானும் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பதாகவும், தப்பு முழுக்க அப்பன்மேல்தான் என்றும் சண்டைக்கு வந்தார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. நூலகம் மூடப்படாது. நூலகர் எழுந்து நின்று அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். தேர்வுப் பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாவது பத்திக்கு வந்ததும் அவர் நிறுத்திவிட்டு விசிலக்காவை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன சார், படிங்க."

பதிவேட்டை ஆராய்ந்ததில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை வருகை மற்ற நேரங்களைவிடக் குறைவு என்று தெரிகிறது. ஆகவே இனி அந்த நேரத்தில் நூலகம் மூடியிருக்கும். காலையும் மாலையும் மட்டும் திறக்கும்.

விசிலக்கா அந்தத் தாளை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். அவள் கத்தாமல் இருந்தது அங்கே யாருக்கும் பழக்கமில்லாததால் எல்லாரும் பயந்துபோனார்கள். "அப்போ நேரத்தையும் எண்ணிப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் வந்த நேரத்தையும் போடச் சொல்லி வற்புறுத்தியது அவள்தான்.

அன்று வீட்டுக்குப் போய் ஒரு பாத்திரம் விடாமல் டொங்கு டொங்கென்று வைத்தாள். மகள் போனை வைத்துவிட்டு வந்து, "அம்மா, புத்தகத்த வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிச்சா என்ன?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து முன்னறையில் ஒரு மிக்ஸி அலறியது. மகளே, "சரி, வேண்டாம்" என்றாள்.

மறுநாள் விசிலக்கா டிப்போவில் இரண்டாம் ஷிப்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் பஸ் ஏறினால் போதும், காலையில் நூலகம் திறந்திருக்கும். இரண்டாம் ஷிப்டிலிருந்து தப்பிக்க எல்லாரும் சிபாரிசு பிடித்து அலையும் இடம் அது. கிளார்க் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, உடம்புக்கு ஏதும் முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன். கையெழுத்துப் போட்டு மேல அனுப்புங்க."

வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாலைச் சமையல் இப்போது அவர் தலையில். உப்பு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லவே இல்லை. அதைச் சொன்னால், சமையல் புத்தகம் ஏதாவது எடுத்துவந்து கொடு என்றார், கிண்டலாக. அவள் மறுநாளே எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் அதன் நடுவில் ஒரு ஸ்குரூ டிரைவர் அடையாளத்துக்குச் செருகியிருந்தது. நூலகப் புத்தகத்தில் எண்ணெய்க் கறையா என்று அவள் அரைமணி நேரம் கத்தினாள்.