வழக்கில் ஜெயித்த குத்தகையாளர்

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர், சுவர் பூசும் சின்னக் குத்தகையாளர். முழங்கை வரை சிமெண்டு வெளுப்பு. உட்கார்ந்ததுமே பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"உள்ள காத்து நிக்குது. எவனோ அவசரத்துல பூசியிருக்கான்," என்றார்.

அப்படியே பேச்சு வளர்ந்தது. ரவாங்கில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனிக்குப் பூசிக் கொடுத்திருக்கிறார். பாதிச் சுவர் முடிந்த பிறகுதான் ஒப்பந்தம் கைக்கு வந்ததாம். இந்தத் தொழிலில் வேலை முதலில், காகிதம் பிறகு. 'கட்டட உரிமையாளரிடமிருந்து எங்களுக்குப் பணம் வந்தால்தான் உங்களுக்குப் பணம்' என்று அதில் ஒரு வரி. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பணம் வரவேயில்லை.

"அந்த வரி சட்டப்படி செல்லாதுன்னு லாயர் சொன்னாரு அண்ணே. கேஸ் போட்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன் லா. காசும் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிடல. 'பாஸ், நீங்க சட்டம் படிச்சவராச்சே'ன்னு சிரிக்கிறானுங்க."

"இப்ப என்ன பண்றீங்க?"

"மச்சான் பேர்ல புதுக் கம்பெனி. நேத்து ஒரு ஒப்பந்தம் வந்துச்சு. அதே வரி இருக்கு. பேசாம கையெழுத்துப் போடுடான்னு நான்தான் சொன்னேன்."

வழக்கில் ஜெயித்த ஒரு மனிதர் இப்படித் தலைகுனிந்து சாப்பிட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.