நான்கு சுண்ணாம்புக் கோடுகள்

என் அம்மா செங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எளாவூரிலிருந்து ரயிலில் போய் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மண் சுமந்தாள்.

1983 செப்டம்பரில் ஒரு ரசாயன ஆலைக்குக் கிணறு இறக்கினார்கள். வட்டச் சுவரைத் தரைமேல் கட்டிவிட்டு உள்ளே தோண்டுவார்கள். தோண்டத் தோண்டச் சுவர் தன் பாரத்தில் இறங்கும். மழைக்கு முன் முப்பதடி போக வேண்டும். மேஸ்திரி சுப்பராயன் தென்புறச் சுவரில், தன் கொட்டகைக்கு எதிரே, அடிக்கு ஒரு கோடு போட்டிருந்தார். தினமும் ஒரு கோடு மண்ணுக்குள் மறைந்தது. அவருக்குத் திருப்தி.

தெற்கே மணல், வடக்கே களிமண். தோண்டியவர்கள் சுலபமான பக்கத்தையே தோண்டினார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவின் தம்பி முனிகிருஷ்ணன். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அம்மா சாந்துச் சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சுவர்மேல் வைத்தாள். தண்ணீர் தெற்கே ஒதுங்கியது. சுவரின் நான்கு பக்கமும் மார்பு உயரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்தாள். மறுநாள் தெற்குக் கோடு வடக்குக் கோட்டைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. மண் சுமக்கப் போனாள். அடுத்த நாள் இரண்டு விரல். மூன்றாம் நாள் நான்கு.

தம்பியை மேலே வரச் சொன்னாள். அக்கா கூப்பிட்டதும் ஓடுகிற பிள்ளை என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களும் ஏறினார்கள்.

"மண்ணு தூக்க வந்தியா, மேஸ்திரி வேல பாக்க வந்தியா?" என்றார் சுப்பராயன். "நாளைலேர்ந்து ஊட்லயே இரு."

"இருக்கறேன் மேஸ்திரி. தெக்குக் கோடு ஒரு வெரல் எறங்கனதோட நின்னிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன். தெனம் வளந்துகினே போவுது. செவுரு ஒடஞ்சா உள்ள இருக்கறது என் தம்பி."

எல்லோர் முன்னும் அவளை மட்டம் தட்ட அவரே டேப்பை எடுத்து அளந்தார். அளந்ததும் டேப்பைச் சுருட்டினார். மணல் மூட்டை கொண்டுவரச் சொன்னார்.

மூட்டைகளை வடக்குச் சுவர்மேல் ஏற்றி, அந்தப் பக்கம் மட்டும் தோண்டினார்கள். ஐந்து நாள் தெற்குக் கோடு நகரவில்லை. ஆறாம் நாள் சட்டித் தண்ணீர் சமமாக நின்றது. மழை வருவதற்குள் இருபத்தெட்டு அடிதான் போனது. யாருக்கும் அடிபடவில்லை. அடுத்த வேலைக்குச் சுப்பராயன் அம்மாவைக் கூப்பிடவில்லை.

நான் சிவில் டிப்ளமா படித்து வெளியூரில் வேலை பார்க்கிறேன். இந்த மார்ச்சில் அம்மா சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். ஒரு வருடமாகக் காலில் வீக்கம். மாதம் ஒருமுறை வரும்போது அழுத்திப் பார்ப்பேன், கொஞ்சம்தான் என்று நினைப்பேன். போன மாதம் எவ்வளவு இருந்தது என்று யோசித்ததில்லை.