கபிரியேலின் படகுக்கு எதிராக ஒரு மனு

இராஜாக்கமங்கலத்தில் என் அடுத்த வீட்டுக்காரர் கபிரியேல். இளமையில் பிளைவுட் வள்ளம் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். பின்னர் ஷார்ஜாவில் பதினோரு ஆண்டுகள் படகுகளைப் பழுதுபார்த்தார். 2007இல் ஊர் திரும்பியவர், மற்றவர்களைப் போல வீட்டுக்கு மாடி எடுக்கவில்லை. முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு சிறிய பாய்மரப் படகைக் கட்டத் தொடங்கினார். நீளம் பதினான்கு அடி. அவரும் மனைவி ஜின்சியும் உள்ளே படுத்துறங்க ஓர் அறை. கரையோரமாகப் பாய் விரித்துச் சென்று, விரும்பிய இடத்தில் நங்கூரமிட்டுத் தங்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

வரைபடம் எதையும் அவர் வாங்கவில்லை. பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, நூலால் தைத்து, சிறுசிறு படகுகளாக்கி வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார். ஒன்பதாவது படகு சாயாமல் நின்றது. அதன் அளவுகளைப் பன்னிரண்டு மடங்காக்கிப் பலகையில் வரைந்தார். அறையின் நீளத்தை முடிவுசெய்ய, ஜின்சியைத் தரையில் படுக்கவைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டார். மதிலுக்கு இப்பால் எனக்கு எல்லாம் கேட்டது.

“செத்தவனுக்குத்தான் போலீசு இப்பிடிக் கோடு போடும். சீக்கிரம் போடுங்க.”

“அசையாத ஏட்டி! உனக்க காலுக்குன்னே இன்னொரு பிளைவுட்டு வாங்கணும் போல இருக்கு.”

பலகைகளைச் செப்புக்கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடி நார்த்துணியை ரெசினால் ஒட்டி, காய்ந்தபின் கிரைண்டரால் தேய்ப்பார். அந்தத் தூசியும் இரைச்சலும் நான் படிக்கும் பிற்பகல் வேளையில் மதிலைத் தாண்டி வந்தன. ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் நிறுத்தினார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார். மறுமுறையும் நேரில் சொல்லியிருந்தால் போதும். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த எனக்கு, சொல்வதைவிட மனு எழுதுவது எளிதாக இருந்தது.

அது 2009 பிப்ரவரி. மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கடற்கரை எங்கும் சோதனை. தூசியைப் பற்றி மட்டும் எழுதினால் எவரும் வரமாட்டார்கள் என்று எண்ணினேன். ஆகவே, ‘ஆட்கள் மறைந்திருக்கத்தக்க அறையுடன், மீன்பிடித்தலுக்கு உதவாத படகொன்று இங்குக் கட்டப்படுகிறது, அதன் நோக்கம் ஐயத்திற்குரியது’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். நோக்கம் என்னவென்று எனக்குத் தெரியும். ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று முடித்து, நாகர்கோவிலில் தட்டச்சு செய்து காவல் நிலையத்துக்கு அனுப்பினேன்.

காவலர் இருவர் வந்தனர். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அழைப்பிதழ்ப் படகுகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போயினர்.

“மக்கா கபிரியேலு, எந்த நாட்டுக்கு ஆள் கடத்துக?” என்று தெருவில் நின்றவர்கள் சிரித்தனர். அவர் தலைகுனிந்து நின்றார். நானும் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே மனுவின் நகலுடன் என்னிடம் வந்தார்.

“சாரே, விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லுகானுவ. எனக்கு ரெண்டு வரி சேந்தாப்பல எழுத வராது. ஊருல உங்கள விட்டா வேற யாரு உண்டு?”

“இதை யார் எழுதியிருப்பாங்க?”

“மளிகைக்கடைக் கோலப்பன்தான். பலகை கொண்டுவந்த லாரி கடைவாசல மறிச்சுன்னு அண்ணைக்கு என்ன ஏச்சு ஏசினான்!”

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஆறுதல் உண்டாயிற்று. மனுவை விடவும் அந்த ஆறுதலையே இன்று நினைக்கக் கூசுகிறேன்.

என் ஒவ்வொரு வரிக்கும் நானே மறுப்பு எழுதினேன். இறுதியில், ‘இவரை இருபது ஆண்டுகளாக அறிவேன், நேர்மையானவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பன்னிரண்டாம் நாள் வேலையைத் தொடர அனுமதி வந்தது. கபிரியேல் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கோலப்பன் வந்தார்.

“சாரே, கபிரியேல் வீட்டுக்காரி என் கடையத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போறா. அவளப் பாத்து நாலு வீடும் போவுது. அது சாரமில்ல, போனாப் போவட்டு. காட்டிக் குடுத்தவனுக்க பிள்ளைன்னு எம்பிள்ளையள பள்ளிக்கூடத்துல சொல்லுகாவ. நான் அந்த மனுவ எழுதல்லன்னு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. நீங்க எழுதினா அவன் நம்புவான்.”

தாளை எடுத்துத் தேதியை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. “வாங்க” என்று அவரை அழைத்துக்கொண்டு கபிரியேலின் கொட்டகைக்குச் சென்றேன். மனுவை எழுதியவன் நான் என்று சொன்னேன்.

“அடப்பாவி சாரே!” என்றார் கோலப்பன்.

கபிரியேல் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

“எனக்காவ எழுதினியளே, நேர்மையான ஆளுன்னு. அது உள்ளதா சாரே? ஜின்சி அத ஜெராக்ஸ் எடுத்து பைபிளுக்குள்ள வச்சிருக்கா.”

“உள்ளதுதான்.”

“அப்பம் முதல்ல எழுதினது?”

“பொய். பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினேன்.”

“வாசிச்சா ரெண்டும் உள்ளது மாதிரிதானே சாரே இருக்கு” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்புபவர்போலக் கேட்டார். பிறகு கோலப்பன் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, இரிங்க.”

ஜின்சி ஒரு நாற்காலி கொண்டுவந்து கோலப்பனுக்குப் போட்டாள். நான் சற்று நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

2010 ஜனவரியில் படகு கடலில் இறங்கியது. இருவரும் முட்டம் வரை பாய் விரித்துச் சென்று, ஓர் இரவு படகிலேயே தங்கி, மறுநாள் நண்பகலில் திரும்பினார்களாம். அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் புகவில்லையாம். இவற்றையெல்லாம் கோலப்பன் சொல்லித்தான் அறிந்தேன்.