மல்லாட்டை எண்ணெய் குடித்த ஈஸ்ட்

ஈஸ்ட்டுக்குத் தீனி போட்டு, அதன் உடம்பில் என்ன கொழுப்பு சேர்ந்தது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. நெறியாளரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் சக அவதிக்காரர்களே, மீதி உங்களுக்கே தெரியும்.

பஸ்ஸில் ஒரு விளக்கம்

விழுப்புரத்தில் ஏறியதுமே பக்கத்து இருக்கை அக்கா, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு, அதற்குச் சர்க்கரை கொடுத்தால் ஒரு விதமாகவும் எண்ணெய் கொடுத்தால் வேறு விதமாகவும் கொழுப்பு சேரும் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாலம் காச்சி பண்ணாம இத்தினி வருசமா படிச்சிக்கினே கீறியே, கொழுப்பு அதுக்கா, உனக்கா?"

செக்குக் கடை

அடுத்த தீனி மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய். "கண்ட கடையில வாங்காதம்மா, திண்டிவனத்துல நம்ம மச்சான் மரச்செக்கு வெச்சிருக்காரு" என்றார் நெறியாளர். போனேன். செக்கின் மேல் இரண்டு துண்டும் ஒரு பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. செக்கு ஓடவில்லையா என்று மச்சானைக் கேட்டேன்.

"காத்தாலயே ஆட்டி முடிச்சிட்டோம்மா. ஈஸ்ட்டுக்குத்தானே கேக்கறே, அது இன்னா மோந்தா பாக்கப்போவுது?"

கையெழுத்து

ஈஸ்ட் மோந்து பார்க்காது. ஆனால் எண்ணெயைக் குடித்தால், அதிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பெரும்பாலும் அப்படியே தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். மல்லாட்டையில் கொஞ்சமாக இருக்கும் பால்மிடிக் அமிலம் என் ஈஸ்ட்டில் கொட்டிக் கிடந்தது. "உனக்கு வளக்கத் தெரியலை. இதை வெச்சி பட்டம் கேட்டா கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் நெறியாளர். மறுபடி வளர்த்தேன், அதே முடிவு.

ஈஸ்ட்டை விட்டுவிட்டு எண்ணெயையே சோதித்தேன். சுத்தமான பாமாயில்! முடிவுத்தாளை நெறியாளரின் மேசையில் வைத்தேன். நெடுநேரம் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மச்சான் விசயம் வெளிய வாணாம்மா. தலைப்புல மல்லாட்டையை அடிச்சிட்டு பாமாயில்னு போடு, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

இப்படியாக எனக்குப் பட்டமும் மச்சானுக்கு 'மரச்செக்கு எண்ணெய்' என்ற பழைய பெயர்ப்பலகையும் நிலைத்தன. குடித்ததை மறைக்கத் தெரியாத ஈஸ்ட்டை மட்டும் ஆய்வக விதிமுறைப்படி கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டோம்.