துணிக்குப் பின்பக்கம் பார்த்த படம்

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பஜனைக் குழுவுக்கு மேடை கிடைத்திருந்தது. மிருதங்கம் நான்தான்.

பேருக்குத்தான் மிருதங்கம், என் வாசிப்பின் லட்சணம் எனக்கே தெரியும். நான் பிறவியிலேயே இடக்கைக்காரன். மிருதங்கத்தில் கறுப்பு வட்டம் இருக்கிற பக்கத்தில்தான் விரல் வேலை அதிகம். அந்தப் பக்கம் வலக்கைக்குத்தான் வர வேண்டும் என்பது குழுவில் பாடும் ஜவுளிக்கடை அண்ணாச்சியின் கட்டளை. "சாமி காரியத்துல பீச்சாங்கைய முன்ன விடக் கூடாது வே" என்பார். "ரெண்டு கையாலயும்தான அண்ணாச்சி அடிக்கேன்" என்றால் முறைப்பார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் என் விரல்கள் பறக்கும். குழுவில் உட்கார்ந்தாலோ பாட்டு முன்னால் போக, நான் பின்னால் நொண்டிக்கொண்டே போவேன். அந்த வாரம் அவர் முடிவாகவே சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு ஒத்திகையில் தாளம் இழுத்தால் சிவகிரியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வாராம்.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் படம் காட்டும் வண்டி வந்தது. ஒரு பெரிய மிருதங்க வித்வானின் வாழ்க்கையை அப்படியே வரைந்து பொம்மைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்றார்கள். எனக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கூட்டம் ஹாலில் அடங்காததால் தலைமையாசிரியர் ஒரு யோசனை பண்ணினார். ஜன்னல்களைப் போர்வையால் மூடி, வெள்ளைத் துணியை ஹாலின் நடுவில் கட்டச் சொன்னார். படம் காட்டும் மெஷின் இருந்த முன்பக்கம் பெண் பிள்ளைகள், துணிக்குப் பின்பக்கம் பையன்கள். மெல்லிய துணி என்பதால் பின்பக்கமும் படம் பளிச்சென்று தெரிந்தது. பையன்களை அடக்க என்னை அந்தப் பக்கம் போட்டார்.

எழுத்தெல்லாம் இந்தியில் ஓடியது. எங்களில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, அது எப்படி ஓடினால் என்ன! நல்லவேளை, பேச்சு தமிழில் இருந்தது. ஒரு சின்னப் பையன் அடுப்படியில் தவலையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிறான். தட்டத் தட்ட மஞ்சளும் சிவப்புமாய்ப் புள்ளிகள் கிளம்பிக் கூரைக்கு மேலே பறக்கின்றன. பையன்கள் ஹோவென்று கத்தினார்கள். அடுத்து குரு வந்து அவன் மடியில் மிருதங்கத்தை வைத்தார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுப்பு வட்டம் அவனுடைய இடக்கைப் பக்கம்!

"ஏலே, அங்கன பாருங்கலே! இடக்கை!" என்று கத்திக்கொண்டு, கூட்டத்தை அடக்கப் போன நானே பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டேன்.

"சார், மறைக்கி" என்றான் பின்னாலிருந்து ஒருவன். நான் இறங்கினால்தானே!

பையன் பெரியவனானான். முதல் கச்சேரியில் அவன் இடக்கை விரல்கள் ஐந்து பத்தாகி, பத்து இருபதாகித் திரை முழுக்கப் பரவின. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் படத்தில் அவன் சோறு தின்றதும் இடக்கையால்தான், குரு ஆசீர்வாதம் பண்ணியதும் இடக்கையால்தான். ஓர் ஊரே எப்படி இடக்கையாக இருக்கும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? நமக்கென்று ஓர் ஊர் கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஒத்திகைக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். யாரையும் கேட்காமல் மிருதங்கத்தைத் திருப்பி மடியில் வைத்தேன்.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி.

"எம்புட்டுப் பெரிய வித்வான் அண்ணாச்சி! அவரே இடக்கைதான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். படமே எடுத்துப் போட்டிருக்காங்க!"

அண்ணாச்சி ஹார்மோனியக்காரரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படீன்னா நீரு எனக்கு இடப்பக்கம்லா உக்காரணும்? கறுப்பு வட்டம் சனத்தைப் பாத்து இருக்கணும்லா? ஹார்மோனியம் அங்கிட்டுப் போகணும். ஒரு ஆளுக்காக மேடையையே மாத்தச் சொல்லுதீரா?" என்று முணுமுணுத்தார். ஆனால் அவ்வளவு பெரிய வித்வானை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. "சரி, வாசியும், பாப்போம்" என்றார்.

வாசித்தேன். எத்தனை வருஷமாகக் கட்டிப்போட்ட கை! முதல் முறையாகப் பாட்டுக்குப் பின்னால் ஓடாமல் கூடவே போனேன். நடுவில் அண்ணாச்சி ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். எதற்கு அப்படிப் பாடினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் டீச்சரிடம் பெருமையடித்தேன். அவர் பெண் பிள்ளைகளோடு முன்பக்கம் உட்கார்ந்து படம் பார்த்தவர்.

"இல்லையே சார், அவர் சோத்தாங்கையிலதான வாசிச்சாரு" என்றார்.

"டீச்சர், சும்மா விளையாடாதீங்க" என்றேன். அவர் ஒரு மெல்லிய தாளில் பேனாவால் பெரிதாக 'அ' போட்டார். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நீங்க இந்தப் பக்கம்லா இருந்தீங்க" என்றார். குருவின் ஆசீர்வாதம், இலையில் சோறு, எல்லாம் வரிசையாக வந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வண்டி அப்போதே கடையநல்லூர்ப் பக்கம் போய்விட்டது, அண்ணாச்சி அந்தப் படத்தைப் பார்க்கவா போகிறார்? ஆனால் இல்லாத சாட்சியைச் சொல்லி வாங்கிய இடத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்று சாயங்காலமே ஜவுளிக்கடைக்குப் போய், வேட்டி மடித்துக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "சரி, நாளைக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான். சிவகிரிக்காரருக்குத் தகவல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். வலக்கையால் வாசிக்கச் சொன்னால் அப்படியே வாசித்துவிட்டு, இதோடு விட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். எட்டிப் பார்த்தேன். நான் வழக்கமாக உட்காருகிற வலப்பக்கத்தில் ஹார்மோனியம் இருந்தது. அண்ணாச்சிக்கு இடப்பக்கம் ஒரு ஜமுக்காளம் காலியாக விரித்திருந்தது. அதற்கு முன்னால், தாழ இறக்கி வைத்த ஒரு மைக்.

"என்னவே பாக்கீரு?" என்றார் அண்ணாச்சி. "வித்வான் எந்தக் கைன்னு நான் பாக்கல. உம்ம வாசிப்பை என் காதால கேட்டேன்லா? அதுக்குத்தான அன்னைக்கு ஒரே வரியத் திரும்பத் திரும்பப் பாடுனேன். உக்காரும், நேரமாச்சு."

அன்று வாசித்த மாதிரி அதற்கப்புறம் நான் வாசித்ததே இல்லை. கூட்டத்தில் இருந்த பையன்கள் "எங்க சாரு! எங்க சாரு!" என்று கூவியது மைக்கையும் மீறிக் கேட்டது.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்னமும் மிருதங்கத்தைத் திருப்பி மடியில் வைக்கும்போது, வலக்கையால் வாசித்த அந்த வித்வானுக்கு ஒரு கும்பிடு, ஜமுக்காளத்தை மாற்றி விரித்த அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இடம் போதாமல் என்னைத் துணிக்குப் பின்பக்கம் உட்கார வைத்த தலைமையாசிரியருக்குத்தான் என் முதல் கும்பிடு.