திரைக்குக் கீழே தெரிந்த ஷூ

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் அம்பாசமுத்திரம் போனது ஆசைப்பட்டு அல்ல, அப்பாவின் நச்சரிப்புத் தாங்காமல். பாளையங்கோட்டையில் சர்ச் ஆர்மோனியமே கதியென்று இருந்தவர், எண்பத்தாறு வயதில் புதுக்கதை சொல்கிறார்: கல்யாணத்துக்கு முன்னால் அம்பை பக்கம் ஒரு கிளப்பில் டான்ஸுக்கு சாக்ஸபோன் வாசித்தாராம். அம்மா, "வாயத் தொறந்தாப் புளுகு" என்பாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். தான் கண்ணை மூடுவதற்குள் அவள் ஒருமுறையாவது நம்ப வேண்டுமாம். அதற்கு ஆதாரம் தேடி அலைய நான்.

புதிய பேருந்து நிலையத்தில் காலை 8.10 பஸ். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், சேரன்மகாதேவி வரை நின்றுகொண்டே. அம்பையில் ஆட்டோ நூற்றைம்பது. பழைய கிளப் என்று படித்துப் படித்துச் சொல்லியும், டிரைவர் கொண்டுபோய் இறக்கியது குடிக்கிற மனமகிழ் மன்றத்தில். "கிளப்புன்னா இதான் வே. காலங்காத்தாலயே கெளம்பிட்டீரே" என்றார். தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு எண்பது ரூபாய் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் மலைத் தோட்டத்துத் துரைமார் ஆடிய கிளப் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது, உரக் கிடங்காக. சாவி வைத்திருக்கும் அண்ணாச்சி கல்யாணத்துக்குக் கல்லிடைக்குறிச்சி போயிருந்தார். இரண்டேகால் மணி நேரம் வெயிலில் நின்றேன். வந்து திறந்தால், மேடை முழுக்க யூரியா மூட்டை. சுவரில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போட்டோ. முன்னால் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். பின்னால் மேடையில் பேண்டு இல்லை, ஒரு துணித் திரை!

"தொர வீட்டு அம்மாமாரப் பாட்டுக்காரங்க பாக்கக் கூடாதுல்லா, அதான் மறைப்பு" என்றார் அண்ணாச்சி.

திரைக்குக் கீழே ஐந்து ஜோடிக் கால்கள் மட்டும். இதற்கா இந்தப் பாடு? ஆனாலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது ஜோடியில் விரல் நின்றது. கறுப்பும் வெள்ளையும் கலந்த ஷூ.

"இது எங்க அப்பா நம்ம கல்யாணத்துக்குத் தூத்துக்குடியில எடுத்துக் குடுத்ததுல்லா."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம். ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"அப்போ கல்யாணத்துக்குப் பொறவும் போயிருக்கீய. சனிக்கிழமை தவறாம ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டம்னு போனது இங்கனதானா?"

அப்பா என்னைப் பார்த்து முறைத்தார். "ஒன்ன யாருலே படம் எடுக்கச் சொன்னா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியாதது கர்த்தர் கிருபை.

போக நினைப்பவர்களுக்கு: சாவிக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று முந்தின நாளே விசாரியுங்கள். ஆட்டோக்காரரிடம் உரக் கிடங்கு என்றே கேளுங்கள். குடை அவசியம். எடுத்த படத்தை முதலில் அப்பாவிடம் தனியாகக் காட்டுங்கள்.

மூன்று நாள் அம்மா அப்பாவோடு பேசவில்லை. ஜெபக்கூட்டப் பொய்க்குத்தான் கோபம் என்று நானும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்புட்டு நல்லா வாசிச்சீயன்னா, என்னைய ஒரு நாளாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

அப்பா காப்பியைத் தொடவே இல்லை.